பெறுபேற்றுக்குப் பணம்: 1862இல் தொடங்கிய ஒரு கணக்கு

சற்று நீண்ட பதிவு. ஆசிரியர்களும் அதிபர்களும், குறிப்பாக கோட்ட, வலய அலுவலகங்களில் இருக்கும் நண்பர்களும் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்து ஓரிரு வாரங்களுக்குள் அனேகமாக எல்லா வலயங்களிலும் ஒரு கூட்டம் நடக்கும். திரையில் ஓர் அட்டவணை தோன்றும். பாடசாலையின் பெயர், தோற்றியோர் தொகை, வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றோர் தொகை, வீதம், போன வருட வீதம். வீதம் குறைந்த வரிசைகளுக்குச் சிவப்பு நிறம். பிறகு அந்தப் பாடசாலை அதிபர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். அவர் திரும்பி வந்து தரம் 5 ஆசிரியையிடம் காரணம் கேட்பார். சாதாரண தரப் பெறுபேறு வந்தால் கணித, விஞ்ஞானப் பாட ஆசிரியர்களுக்கு இதே கதை.

பிள்ளைகள் படித்தார்களா என்று கேட்பதில் பிழையில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் நாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அந்த ஒரேயொரு வீதத்தை வைத்துப் பாடசாலையையும் ஆசிரியரையும் எடைபோட்டால் வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு நாடு முழுவதும் முப்பது வருடங்களுக்கு மேல் அதைச் செய்து பார்த்திருக்கிறது. அந்த முறை கப்பலேறி எமது நாட்டுக்கும் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு பந்தி வாசித்துப் பரீட்சை எழுதியிருப்போம். ஆனால் விபரமாகத் தெரிந்தவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் 1858இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் நன்கொடைப் பணம் வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்தது. கொடுத்த பணத்துக்குப் பயன் உண்டா என்று பார்க்க வேண்டும். 1861இல் வந்த அறிக்கை ஒரு நியாயமான குறையைச் சொன்னது. ஆசிரியர்கள் மேல்வகுப்பில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளிலேயே கவனம் வைக்கிறார்கள், கீழ்வகுப்புப் பிள்ளைகள் எழுத்து வாசிப்புக்கூட ஒழுங்காகத் தெரியாமல் பாடசாலையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அது. இதை மறந்துவிடக்கூடாது. பின்னால் வந்த முறை கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. கைவிடப்பட்ட பிள்ளையைக் கவனிக்க வைப்பதற்கென்று சொல்லித்தான் அதைக் கொண்டு வந்தார்கள்.

கொண்டு வந்தவர் ரொபர்ட் லோ. அப்போது கல்விக்குப் பொறுப்பாக இருந்த அரசியல்வாதி, பொருளாதாரக் கணக்கில் கூர்மையானவர். 1862ஆம் ஆண்டின் திருத்திய விதிக்கோவை அவருடையது. கணக்கு எளிமையானது. சராசரி வரவின் அடிப்படையில் ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். வருடத்தில் 200 அமர்வுகளுக்காவது வந்த பிள்ளையைப் பரிசோதகர் சோதிப்பார். அந்தச் சோதனைக்கு 8 ஷில்லிங். அந்த 8 ஷில்லிங்கை மூன்றாகப் பிரித்தார்கள். வாசிப்புக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ், எழுத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ், கணக்குக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ். பிள்ளை எதில் தவறினாலும் அந்தப் பங்கு வெட்டப்படும். ஆறு படிநிலைகள். முதலாம் படியில் ஓரசைச் சொற்களால் ஆன ஒரு சிறு கதையை வாசிக்க வேண்டும், 20 வரை இலக்கங்கள் தெரிய வேண்டும். ஆறாம் படியில் பத்திரிகையில் வரும் ஒரு பந்தியை வாசிக்க வேண்டும், இன்னொன்றைச் சொல்வதெழுத வேண்டும்.

இதற்கு முன்னர் சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசாங்கமே நேரடியாக ஒரு தொகை கொடுத்து வந்தது. புதிய விதியில் அது நின்றது. பணம் முழுவதும் பாடசாலை முகாமையாளரின் கைக்குப் போனது, ஆசிரியர் அவரோடு பேசித் தன் சம்பளத்தைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. பரிசோதகர் வருடத்தில் ஒரு நாள் வருவார், அந்த ஒரு நாளில் ஒரு ஏழு வயதுப் பிள்ளை கழித்தல் கணக்கைப் பிழையாகச் செய்தால் ஆசிரியரின் வீட்டு அடுப்பில் அது தெரியும்.

அந்த நாள் எப்படி இருந்தது என்பதைப் பரிசோதகர்களும் ஆசிரியர்களும் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைப் போர்வையால் சுற்றித் தூக்கி வந்தார்கள், ஏனெனில் அன்று வராத பிள்ளைக்குப் பணமில்லை. வாசிப்புப் புத்தகம் வருடம் முழுவதும் ஒன்றுதான், அதைப் பிள்ளைகள் மனப்பாடமாக்கினார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையில்லாமல் 'வாசித்த' பிள்ளைகளும் இருந்தார்கள். வரவு இடாப்பில் இல்லாத வரவுகள் ஏறின. புவியியல், வரலாறு, இலக்கணம் எல்லாம் நேரசூசியிலிருந்து மெல்ல மெல்ல விழுந்தன, அவற்றுக்கு விலை கிடையாது. 1867இல் சில பாடங்களுக்கு மேலதிக நன்கொடை என்று அறிவித்துச் சரிசெய்யப் பார்த்தார்கள். அதாவது அவற்றுக்கும் ஒரு விலை போட்டார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு படியில் சோதிக்கப்பட்ட பிள்ளையை மறுமுறை அதே படியில் நிறுத்த முடியாது. அதனால் மூன்று படிகளை ஒரே வருடத்தில் தாண்டக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளையை வருடத்துக்கு ஒரு படியாக மட்டும் ஏற்றுவதே பாடசாலைக்கு இலாபமாயிற்று. மறுபக்கம், எப்படியும் தவறப்போகும் பிள்ளையில் நேரம் செலவழிப்பது நட்டம். லோவின் விதி யாரைக் காப்பாற்ற வந்ததோ அந்தப் பிள்ளையே மறுபடியும் பின்வாங்கில் இருந்தது.

அரசாங்கத்துக்கு மட்டும் இலாபம் வந்தது. 1861இல் ஏறத்தாழ 813,000 பவுணாக இருந்த நன்கொடைச் செலவு 1865இல் 637,000 பவுண் அளவுக்கு இறங்கியது. ஆசிரியத் தொழிலுக்கு வருவோரும் குறைந்தார்கள். பாடசாலையிலேயே வேலை பழகும் பயிலுனர் ஆசிரியர் 36 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று இருந்தது, ஐந்தே வருடத்தில் 54 பிள்ளைகளுக்கு ஒருவர் என்றானது.

இதை எதிர்த்தவர்களில் ஒருவரை நாம் எல்லோரும் ஆங்கில இலக்கியத்தில் கவிஞராகக் கேள்விப்பட்டிருக்கிறோம். மத்தியூ ஆர்னல்ட். அவர் 1851 முதல் 1886 வரை, 35 வருடங்கள், பாடசாலைப் பரிசோதகராக வேலை செய்தவர். கவிதை எழுதியது அந்த வேலைக்கு இடையில்தான். மேலதிகாரி லோ பதவியில் இருக்கும்போதே 1862இல் அந்த விதிக்கோவையை விமர்சித்து ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். அரச சேவையில் இருப்பவர்களுக்கு அதன் கனம் தெரியும். பிறகு வந்த வருடாந்த அறிக்கைகளிலும் விடவில்லை. உண்மையில் வாசிக்கவோ கணக்குச் செய்யவோ தெரியாத பிள்ளையையும் வாசிப்பிலும் கணக்கிலும் சித்தியடைய வைக்கலாம், அதற்கென்று ஒரு கைவினை வளர்ந்துவிட்டது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. இந்தக் 'கைவினை'யை நாம் இன்று மாதிரி வினாத்தாள் கட்டுகளில் காண்கிறோம்.

இடையில் ஒரு சின்ன விடயம். எமது பாடசாலைகளில் அதிபரின் அலுமாரியில் இருக்கும் லொக் புத்தகம், சம்பவத் திரட்டு, இருக்கிறதல்லவா? அதன் மூதாதையும் இந்த 1862 விதிக்கோவையில்தான் இருக்கிறது. நன்கொடை வாங்கும் ஒவ்வொரு பாடசாலையும் கெட்டியாகக் கட்டப்பட்ட, 500 பக்கங்களுக்குக் குறையாத ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும், தலைமையாசிரியர் அதில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், பொதுவான கருத்துகளையோ தன் எண்ணங்களையோ எழுதக்கூடாது என்று விதி சொன்னது. ஆனால் இங்கிலாந்தின் பழைய பாடசாலைகளில் மிஞ்சியிருக்கும் அந்தப் புத்தகங்களிலிருந்துதான் அக்கால வகுப்பறையை வரலாற்றாசிரியர்கள் மீட்டெடுத்தார்கள். அறுவடைக்குப் போன பிள்ளைகள், தொற்றுநோய், பரிசோதகர் வரும் வாரத்தின் பதற்றம், எல்லாம் அதில் இருக்கிறது. எமது நாட்டில் நூறு வருடம் கண்ட பாடசாலைகளின் பழைய லொக் புத்தகங்கள் எங்கே போயின என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கறையானுக்குப் போகாமல் இருந்தால் அது ஊரின் வரலாறு.

இனி இலங்கை. 1841 முதல் இங்கு மத்திய பாடசாலை ஆணைக்குழு என்ற ஒன்று கல்வியைப் பார்த்து வந்தது. 1865இல் ரிச்சட் மோர்கன் தலைமையிலான குழு நியமிக்கப்பட்டு 1867இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி பொதுப் போதனைத் திணைக்களம் 1869இல் உருவாயிற்று. இன்றைய கல்வி அமைச்சு, திணைக்களம் எல்லாவற்றின் வேர் அது. முதல் பணிப்பாளராக வந்த ஜே.எஸ். லோரி இங்கிலாந்தில் பாடசாலைப் பரிசோதகராக இருந்தவர். 1870களில் இங்கும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் என்ற முறை அமுலானது. சமயம் கற்பிக்கலாம், அது முகாமையாளரின் விருப்பம். அரசாங்கம் பணம் கொடுப்பது உலகியல் பாடங்களின் பெறுபேற்றுக்கு மட்டும்.

கேட்பதற்கு எல்லாருக்கும் சமமான விதி. ஆனால் பணம் கிடைப்பது சோதனைக்குப் பின்னர். அதற்கு முன்னர் கட்டடம் வேண்டும், தளபாடம் வேண்டும், ஆசிரியருக்கு மாதாமாதம் கூலி கொடுக்க வேண்டும். அந்த முதலைப் போடக்கூடியவர்கள் யார்? வெளிநாட்டு நிதியும் பயிற்றப்பட்ட ஆட்களும் வைத்திருந்த மிஷனரிச் சபைகள். யாழ்ப்பாணத்திலும் மேல் மாகாணக் கரையோரத்திலும் அவர்களுடைய பாடசாலைகள் பெருகின. பெளத்தர்களும் சைவர்களும் பிந்தித்தான் களத்தில் இறங்கினார்கள், இறங்கியபோது ஏற்கெனவே உள்ள பாடசாலைக்குக் கால் மைல் தூரத்துக்குள் புதிய பாடசாலைக்கு நன்கொடையில்லை என்ற விதி குறுக்கே நின்றது.

எமது சமூகம் இன்னும் பின்னால் நின்றது. முஸ்லிம் பிள்ளைகள் போனது ஓதப்பள்ளிக்கு. லெப்பையிடம் அரபு எழுத்தைப் படித்தார்கள், குர்ஆன் ஓதினார்கள், அரபுத் தமிழில் எழுதவும் வாசிக்கவும் பழகினார்கள். அந்தப் பிள்ளைகள் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லர். ஆனால் திணைக்களத்தின் விலைப்பட்டியலில் அந்த எழுத்தறிவுக்கு ஒரு சதமும் இல்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் மிஷன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் மறுத்ததும் உண்மை, ஆங்கிலப் படிப்பையே சிலர் வெறுத்ததும் உண்மை. பழியை முழுவதும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியாது. இந்தச் சூழ்நிலையில்தான் கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிப் படிப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவரும் வாப்பிச்சி மரிக்காரும், இங்கு நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவும் துணைநிற்க 1892இல் மருதானையில் ஸாஹிரா பிறந்தது. மிஷன் பாடசாலைகளின் பெருக்கம் தொடங்கி இருபது வருடங்களுக்குப் பிறகு. ஒரு தலைமுறையின் பிந்துகை அது. ஆசிரியர் பற்றாக்குறையாக, பெண் ஆசிரியைகள் இல்லாமையாக அதன் நிழல் வெகுகாலம் நீண்டது.

இங்கிலாந்தில் ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 1870இல் உருவான அவர்களுடைய தேசியச் சங்கம் தொடக்கத்திலிருந்தே இந்த முறையை எதிர்த்தது. 1890இல் அதன் பெரும்பகுதி கைவிடப்பட்டது, தொண்ணூறுகள் முடிவதற்குள் முற்றாகப் போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை. எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர் 1875இல் பரிசோதகராகச் சேர்ந்து ஆரம்பப் பாடசாலைகளின் பிரதம பரிசோதகர் வரை உயர்ந்தவர். ஓய்வு பெற்றதும் 1911இல் ஒரு புத்தகம் எழுதினார். தானே நடைமுறைப்படுத்திய முறை ஆசிரியர்களைச் சுயமாகச் சிந்திக்க முடியாதவர்களாக ஆக்கிவிட்டது, விதி நீங்கிய பிறகும் அவர்களால் வேறு விதமாகக் கற்பிக்கத் தெரியவில்லை என்பது அதன் சாரம். ஒரு பிரதம பரிசோதகரே அப்படி எழுதினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நூறு வருடத்துக்குப் பிறகு அமெரிக்காவும் இதே பாதையில் இறங்கியது. 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் பாடசாலைகளைப் பரீட்சைப் புள்ளியால் தரம்பிரித்துத் தண்டனையும் விதித்தது. அட்லாண்டா நகரில் 2011இல் வெளிவந்த விசாரணை 44 பாடசாலைகளில் 178 கல்வியாளர்கள் விடைத்தாளைத் திருத்தியது முதலான மோசடிகளில் சம்பந்தப்பட்டிருந்ததாகச் சொன்னது. பலர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் எல்லோரும் பிறவியிலேயே கள்ளர்களா?

இலங்கையில் இன்று ஆசிரியரின் சம்பளம் பிள்ளையின் புள்ளியில் தங்கியில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களோடு உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன, 1994 ஒக்டோபரில் இலங்கை ஆசிரியர் சேவை உருவானது. எந்தத் தரத்தில் இருக்கிறோமோ அந்தத் தரத்துக்கான சம்பளம். இது தானாக வந்ததல்ல, பல தலைமுறை ஆசிரியர்கள் கேட்டு வாங்கியது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடிய மாதங்களில், 'பெறுபேற்றைப் பார்த்துச் சம்பளம் கொடுங்கள், அப்போது தெரியும்' என்று எழுதியவர்களை நாம் வாசித்தோம். ஒவ்வொரு சம்பளப் பேச்சின்போதும் அது திரும்ப எழும். இந்தப் பதிவை அவர்களுக்கும் அனுப்பலாம்.

ஆனால் பணம் போன இடத்தில் மானம் வந்து உட்கார்ந்திருக்கிறது. புலமைப்பரிசிலின் தொடக்கத்தைப் பாருங்கள். கன்னங்கரா அவர்கள் நாற்பதுகளில் மத்திய கல்லூரிகளைத் திறந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடமும் உதவிப்பணமும் கொடுப்பதற்காக வந்த தெரிவு இது. பிள்ளைக்கு ஒரு கதவு. ஆசிரியரையோ பாடசாலையையோ அளப்பதற்காக யாரும் அதை உருவாக்கவில்லை. இப்போது வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகிறார்கள், ஆறு பேரில் ஒருவர் அளவில்தான் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார். வெட்டுப்புள்ளி என்பதே இருக்கும் இடங்களைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவது. நாடு முழுவதும் எல்லா ஆசிரியர்களும் இரண்டு மடங்கு உழைத்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறப்போவதில்லை. அப்படியான ஒரு எண்ணை வைத்து ஒரு வலயத்தின் எல்லாப் பாடசாலைகளையும் 'முன்னேறச்' சொல்வது கணக்கிலேயே பிழை. ஒரு பாடசாலை ஏறினால் இன்னொன்று இறங்கத்தான் வேண்டும்.

வகுப்பறையில் இதன் விளைவை ஆரம்பப் பிரிவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரம் 4 பாதியிலிருந்தே 'வரக்கூடிய பிள்ளைகள்' என்று ஒரு பட்டியல். காலையில், பின்னேரத்தில், சனி ஞாயிறில் அவர்களுக்கு மேலதிக வகுப்பு. சித்திரம், சங்கீதம், உடற்பயிற்சிப் பாடவேளைகள் கடந்தகால வினாத்தாளுக்குப் போகின்றன. 'வராத' பிள்ளைகள் பின்னால் இருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதுவார்கள். 1860களின் பரிசோதகர் யாரும் எமது வகுப்புக்குள் வந்தால் வழி கேட்காமலே நடமாடுவார்.

எமது பாடசாலையில் ஒரு பிள்ளை. வாப்பா கடலுக்குப் போகிறவர், உம்மா மத்திய கிழக்கில், மூத்தம்மாவிடம் வளர்கிறான். தரம் 3இல் குர்ஆனைத் தட்டுத்தடங்கலில்லாமல் ஓதுவான், தமிழில் 'கொ' எது 'கௌ' எது என்று தெரியாது. இரண்டு வருடம் ஓர் ஆசிரியை அவனோடு இருந்தார். ஓதும்போது அவனுக்கு எழுத்தும் குறியும் சேர்ந்து ஒலியாவது நன்றாகத் தெரியும் என்பதைப் பிடித்துக்கொண்டு, அதே வழியில் தமிழ் எழுத்தைக் கொண்டுவந்தார். இடைவேளையில், மழைநாளில், அவன் வந்த நாட்களில் எல்லாம். பரீட்சையில் 200க்கு 71 எடுத்தான். வலய அட்டவணையில் அவன் ஒரு பூச்சியம். அந்த ஆசிரியையின் வகுப்பு சிவப்பு நிறத்தில் இருந்தது.

இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று எமது ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் நினைத்தோம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே தாளில் நாலு நிரல். பிள்ளை ஆண்டுத் தொடக்கத்தில் எதை வாசித்தது, ஆண்டு இறுதியில் எதை வாசித்தது, எத்தனை நாள் வந்தது, வராததற்கு வீட்டில் என்ன காரணம். புள்ளி எதுவும் இல்லை. தொடக்கத்திலும் இறுதியிலும் பிள்ளை முன்பு காணாத ஒரு பந்தியைத்தான் கொடுக்க வேண்டும், பாடப்புத்தகத்திலிருந்து கொடுக்கக்கூடாது. ஆர்னல்ட் கண்ட மனப்பாட வாசிப்பு மறுபடி வந்துவிடும். வாசிக்கக் கேட்பவர் அந்த வகுப்பின் ஆசிரியராக இல்லாமல் பக்கத்து வகுப்பு ஆசிரியராக இருப்பது நல்லது. தவணைக்கு ஒருமுறை இதன் சுருக்கத்தை அதிபர் லொக் புத்தகத்தில் பதிகிறார். கூட்டத்தில் காரணம் கேட்கும்போது அதிபர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

பணிப்பாளர்களிடமும் ஒரு கோரிக்கை. திரையில் போடும் அட்டவணையில் இப்போதுள்ள நிரல்களை எடுக்க வேண்டாம், இன்னும் இரண்டைச் சேருங்கள்: தரம் 3 முடிவில் வாசிக்கத் தெரியாதிருந்தவர் எத்தனை பேர், அவர்களில் தரம் 5இல் வாசிப்பவர் எத்தனை பேர். எமது தாளின் மாதிரி வேண்டியவர்கள் கீழே எழுதுங்கள், உட்பெட்டியில் அனுப்புகிறோம். சிங்கள மொழிமூலப் பாடசாலை ஒன்றிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள், மொழிபெயர்த்துத் தரக்கூடிய ஆசிரியர் யாராவது இருந்தால் அறியத் தாருங்கள்.